தலைப்பாகை கட்டிய ஆள்

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. நிறுத்தினேன். கெட்டிலில் ஒரு கோப்பை அளவுக்குத் தண்ணீர் வைத்தேன். ரொட்டி இரண்டு துண்டு. வெண்ணெய் கட்டியாக இருந்தது. அப்படியே வைத்துத் தின்றேன். சவரம் செய்தேன். சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்டேன். பால்காரன் வைத்த இரண்டு புட்டிகளும் வாசலில் இருந்தன. ஒன்று போதும் என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும். ஐந்து வாரமாக எழுதவில்லை. முந்தைய நாள் பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் காலணியை மாட்டினேன். பிறகுதான் சனிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. வேலை இல்லை.

சனிக்கிழமைகளில் வெளியே போகிறவள் என் மனைவி சிவனேஸ்வரி. படம் வரையும் வகுப்புக்குப் போவாள். ஏப்ரல் இரண்டாம் தேதி அந்த வகுப்புக்குப் போகும் ரயிலில் மயங்கி விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். எங்கள் ஸ்டேஷனான ஸ்பிரிங்வேலில் ஏறியவளை, வகுப்பு நடக்கும் ஓக்லீயில் இறக்கினார்கள். இடையில் மூன்று ஸ்டேஷன். அன்றே இறந்துபோனாள். வயது இருபத்தொன்பது.

எட்டரைக்குத் தொலைபேசி அடித்தது. ஒரு பெண். பேசியது ஆங்கிலம்தான், ஆனால் இந்த ஊர் ஆங்கிலம் இல்லை. அமெரிக்காவும் இருந்தது, வாக்கியம் முடியும் இடத்தில் வேறு ஏதோ ஒரு ராகமும் இருந்தது. பெயர் டோரத்தி, வகுப்பின் ஆசிரியை என்றாள்.

"அவளுடைய படம் இங்கே இருக்கிறது. புதன்கிழமை இந்த மண்டபத்தை வேறு ஆட்களுக்குக் கொடுக்கிறார்கள். யாராவது வந்து எடுத்துக்கொள்ள முடியுமா?"

"மரம், பூ படமா?"

"மரமா? இல்லையே. கல்யாணப் படம்."

"யாருடைய கல்யாணம்?"

"அவளுடையதுதான்" என்றாள்.

இதில் இரண்டு விஷயங்கள் ஒத்துவரவில்லை. மரமும் பூவும் வரைவதாகத்தான் சிவனேஸ்வரி எனக்குச் சொல்லியிருந்தாள். தவிர, எங்கள் கல்யாணத்தில் வரைவதற்கு ஒன்றும் கிடையாது. எழுபத்துநான்கில் பதிவு அலுவலகத்தில் நடந்தது. பதினொரு நிமிடம். சாட்சிக் கையெழுத்துப் போடச் சிவனேஸ்வரியின் ஊர்க்காரரான யோகராணி அக்காவும் அவர் கணவர் வரதராஜாவும் வந்தார்கள். ஐயர் வேண்டாம், தாலி வேண்டாம், சடங்கு எதுவும் வேண்டாம் என்று சொன்னது நான். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே மாலை மாற்றுவதோடு கல்யாணம் முடிந்துவிடும். அவள் யாழ்ப்பாணம். உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். "ஓம்" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஒரு வருஷமாக அவள் ஒரு சனிக்கிழமையைக்கூட விட்டதில்லை. ஒன்பதே கால் ரயிலில் போய் இரண்டு மணிக்குத் திரும்புவாள். டர்பன்டைன் வாசனை அடிக்கும். நெடுநேரம் கை கழுவுவாள். என்ன வரைந்தாய் என்றால், "சும்மா, மரம், பூ." கொண்டுவந்து காட்டு என்றால், "முடியட்டும்." பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அதற்கு முன் அவள் கையில் கவராயத்தைத்தான் பார்த்திருக்கிறேன், தூரிகையைப் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அடுத்த ரயிலில் நானும் ஓக்லீ வரை போனேன். பிளாட்பாரத்தில் இறங்கினேன். மண்டபம் எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்கவில்லை. எதிரே வந்த ரயிலில் ஏறித் திரும்பிவிட்டேன். பார்த்துவிட்டால் பார்த்ததுதான். பார்க்காத வரைக்கும் இரண்டு விதமாகவும் நினைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சனிக்கிழமை கேட்டேன். நூலகத்துக்குப் பின்னால் என்றார்கள். நடந்து மூன்று நிமிடம்.

டோரத்திக்கு ஐம்பது வயது இருக்கும். கறுப்பினப் பெண், தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள். கையில் பச்சைச் சாயம். என்னைக் கண்டதும், "நீங்கள் அவளுடைய அண்ணனா?" என்றாள்.

"கணவன். அண்ணன் ஊரில் இருக்கிறார்."

அவள் என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த ஒரு பலகையைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். பிறகு பலகையை எடுக்காமல் வேறு பேச்சை ஆரம்பித்தாள். சுவரில் மாட்டியிருந்த தன்னுடைய படத்தைக் காட்டினாள். நேரம் கடத்துகிறாள் என்று தெரிந்தது. பார்த்தேன்.

அதுவும் ஒரு கல்யாணம்தான். செங்கல் வீடுகள், தெருவிலிருந்து ஏறும் கல் படிகள், படிகள் நிறைய ஆட்கள். பெண்கள் பெரிய தொப்பி வைத்திருந்தார்கள். ஆண்கள் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள். மணப்பெண்ணின் பின்னால் ஒரு மஞ்சள் டாக்சி. நடைபாதையைப் பிளந்துகொண்டு பலா மாதிரி ஒரு மரம் வளர்ந்திருந்தது. தெருவின் கோடியில், கார்கள் முடியும் இடத்தில், நீலமாகக் கடல்.

"என் தங்கை கல்யாணம். நியூயார்க், புரூக்ளின்" என்றாள். "நாங்கள் பார்படோஸ்காரர்கள். எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போனாள். அந்தத் தெருவில் கடல் கிடையாது. மரமும் கிடையாது. எனக்குத் தேவைப்பட்டது, வைத்தேன்."

"படியோரத்தில் இவர் மட்டும் பெட்டியோடு நிற்கிறாரே?"

"அப்பா. பின்னால் வருகிறேன் என்றார். கப்பல் ஏறுவதற்கு முன்பே செத்துப்போனார். கல்யாணத்துக்கு வரவில்லை இல்லையா? அதனால் அவரைத்தான் முதலில் வரைந்தேன். இங்கே எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன். வர முடியாதவர்களை முதலில் வரையுங்கள். வீட்டோடு இருக்கிறவர்களைக் கடைசியில். அவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மேசையிலிருந்த தூரிகைகளைத் தேவையில்லாமல் அடுக்கினாள். நான் பலகையைக் காட்டினேன்.

"திருப்புங்கள்."

திருப்பினாள். மூன்றடி அகலம். எண்ணெய்ச் சாயம். இடம் எங்கள் வீட்டுப் பின்முற்றம். துணி காயப்போடும் சுழல்கம்பியைச் சுற்றி மாவிலைத் தோரணம். இரண்டு பக்கமும் வாழை. வேலிக்கு அப்பால் யூகலிப்டஸ் மரம், அதில் இரண்டு வெள்ளைக் கிளிகள். எங்கள் சமையலறை மேசையில் நிறைகுடம், குத்துவிளக்கு, இரண்டு பால் புட்டி. யோகராணி அக்கா பட்டுச் சேலையில் இருந்தார். வரதராஜா கையில் பீர் போத்தல். பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவி கறுப்பு உடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மணப்பெண் பின்னால் நின்றாள். சிவனேஸ்வரி. முகம் முடிந்திருந்தது; தோளுக்குக் கீழே வெறும் பென்சில் கோடு.

எல்லோருக்கும் முன்னால், படத்தின் நடுவில், ஓர் ஆண் நின்றார். பட்டு வேட்டி. தலையில் சரிகைத் தலைப்பாகை. நான் அவரைப் பார்த்ததே இல்லை. படத்தில் முழுமையாக முடிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். புருவத்தில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. வலது கையை நீட்டியிருந்தார். வேறு ஒருவருடைய கை அவர் விரலில் மோதிரம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் பலகை வெள்ளையாக இருந்தது.

முகங்களை இரண்டு தடவை எண்ணினேன். நான் இல்லை.

"இவர் யார்?"

"பெயர் சொன்னதில்லை" என்றாள் டோரத்தி. "வந்த முதல் நாளிலிருந்து இவர்தான். ஒரு சின்னப் புகைப்படம் வைத்துக்கொண்டு வரைவாள். மூக்கு மட்டும் ஏழு தடவை. சுரண்டிவிட்டு மறுபடி, சுரண்டிவிட்டு மறுபடி. இந்த மனிதனுக்கு ஏழு மூக்கு வைத்து எடுத்தாய், போதும் விடு என்றேன். இவர் சரியாக வந்தால்தான் மற்றவர்கள் என்றாள்."

"புகைப்படம் எங்கே?"

"அவள் கைப்பையில் இருக்கும்."

கைப்பையை ஆஸ்பத்திரியில் என்னிடம்தான் கொடுத்தார்கள். அதில் புகைப்படம் இல்லை. படுக்கை விரிப்பு ஒன்று கேட்டு வாங்கிப் பலகையைச் சுற்றினேன். வாசலில் டோரத்தி, "நான் ஒன்று சொல்லலாமா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

ரயிலில் பலகையைக் காலுக்கு இடையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். யோசிக்க நான்கு ஸ்டேஷன் போதுமானதாக இருந்தது. தலைப்பாகை கட்டியவன் மாப்பிள்ளை. மோதிரம் போடுகிற கை அவளுடையது. என் வீட்டு முற்றத்தில், என் சமையலறை மேசையைப் போட்டு, அவள் இன்னொருவனைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள். சனிக்கிழமைதோறும், கொஞ்சம் கொஞ்சமாக.

யோகராணி அக்காவுக்கு இது தெரியும். அதையும் யோசித்தேன். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் சமையலறையில் இருப்பார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். "தம்பிக்குத் தேத்தண்ணி வேணுமோ?" என்பார். ஒரு முறை அவர் பையிலிருந்து ஏதோ நீலத் தாள் அவள் பைக்குப் போனதைப் பார்த்தேன். பிறகு தேடினேன், கிடைக்கவில்லை. சாவு அன்று என் மனைவியின் பையை, "நான் வைச்சிருக்கிறன் தம்பி" என்று என் கையிலிருந்து வாங்கியவரும் அவர்தான். மாலையில் திருப்பிக் கொடுத்தார். புகைப்படம் இல்லாமல்.

நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். வரதராஜா முன்பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தார். இயந்திரத்தை நிறுத்தினார். அவருக்கு எல்லோரும் 'ஐசே'தான்.

"என்ன ஐசே, ஆற்றையோ வீட்டுக் கதவைக் கழட்டிக்கொண்டு வாறீர்?"

"படம்."

"ஆர் கீறினது?"

"அவதான்."

அவர் சிரிப்பு போய்விட்டது. சமையலறை ஜன்னலைப் பார்த்து, "யோகம், பழனிசாமி வந்திருக்கிறார்" என்று கூப்பிட்டார். ஒரு கணம் விட்டு, "படத்தோட" என்றார். அந்த இடைவெளியை நான் கவனித்தேன்.

யோகராணி அக்கா குசினியில் இருந்தார். சமையலறையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "வாங்கோ தம்பி. கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ. மெலிஞ்சு போனியள். தேத்தண்ணி போடுறன்." படத்தைக் காட்டு என்று கேட்கவில்லை. விரிப்பைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, இதுல ஒரு ஆள் இருக்கான். அவன் யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"முதல்ல குடியுங்கோ."

"தெரியுமா, தெரியாதா?"

"இதென்ன பொலிஸ் மாதிரிக் கேக்கிறியள்?"

விரிப்பை உருவினேன். பலகையை அடுப்பு மேடைமேல் சாய்த்து வைத்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். கண் கலங்கியது. அப்படியானால் நான் நினைத்தது சரி.

"ஐயோ, அச்சு அசல் கேதீசண்ணை. அந்த முன்பல்லுக்கூட. பாருங்கோவன் இஞ்ச" என்று கணவரைக் கூப்பிட்டார்.

வரதராஜா எட்டிப் பார்த்தார். "அவரை வடிவாத்தான் கீறியிருக்கிறா. என்னை ஏன் இந்த மொத்தத்தில கீறினவ? கையில போத்தல் வேற."

"உள்ளதைத்தானே கீறலாம்" என்றார் அக்கா, அவர் தொப்பையைப் பார்த்து.

"யாரு கேதீசு?" என்றேன்.

"இதென்ன கேள்வி? அவவின்ர தமையன். கேதீஸ்வரன்."

"அண்ணனா? அண்ணன் எதுக்கு மாப்பிள்ளை வேஷத்துல நிக்கிறார்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வரதராஜா சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"மாப்பிள்ளை எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்றார் அக்கா. "அவர் தோழன். எங்கட ஆக்களில பொம்பிளையின்ர தமையன், இல்லாட்டித் தம்பி, அவர்தான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளைக்கும் தலைப்பா கட்டும், தோழனுக்கும் கட்டும். மாப்பிள்ளை வந்து இறங்கின உடன தோழன் கால் கழுவி விடுவார். மாப்பிள்ளை அவருக்கு மோதிரம் போடுவார். அதுக்குப் பேந்து தோழன்தான் கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போறது. உங்கட பக்கம் இப்பிடி இல்லையோ?"

"எங்க வீட்ல ஐயரே கிடையாது அக்கா."

"என்ர கலியாணத்தில இவவின்ர தம்பிக்கு என்னைவிடப் பெரிய தலைப்பா" என்றார் வரதராஜா. "பாதிச் சனம் அவன்தான் மாப்பிள்ளை எண்டு நினைச்சது. இவவும் அப்பிடி நினைச்சிருந்தா தப்பியிருப்பன்."

நான் மோதிரம் போடுகிற கையைக் காட்டினேன்.

"அப்ப இந்தக் கை?"

"மாப்பிள்ளையின்ர கை" என்றார் அக்கா. வெள்ளையாக இருந்த இடத்தில், சாயத்தில் படாமல், விரலால் ஓர் ஆள் அளவுக்குக் கோடு காட்டினார். "இது நீங்கள் நிக்கிற இடம். உங்களுக்குத்தான் விட்டு வைச்சிருக்கிறா."

அது ஆம்பிளைக் கை. இப்போது பார்த்தால் தெரிந்தது. என் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த கேதீஸ்வரன் ஒரே ஒரு கடிதம்தான். பதிவுக் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்தது. அப்பா அம்மா இல்லாத தங்கையை வளர்த்தவர் அவர். நீளமாகத் திட்டியிருந்தார். முடிவில், "எனக்கு மோதிரம் போடாதவர் எனக்கு மச்சானில்லை" என்று எழுதியிருந்தார். உன் அண்ணனுக்குத் தங்கம் வேணுமாம் என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் கேட்கவில்லை. இனி அந்த ஆளுக்கு ஒரு வரி எழுதக் கூடாது என்றேன். ஓம் என்றாள்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்ல வந்தவதான். நீங்கள் விட்டனீங்களோ?" அக்காவுக்குக் கோபம் வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. "எழுதக்கூடாது எண்டு சட்டம் போட்டனீங்கள். அவ எழுதாமல் இருப்பாவோ? அவர் எங்கட விலாசத்துக்குத்தான் போடுவார். அண்டைக்குப் பையில அவற்ற படம் இருந்தது. நீங்கள் கண்டு அதுக்கும் ஏதும் சொல்லிப் போடுவியள் எண்டு நான்தான் எடுத்து வைச்சனான்."

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். நீல வான்கடிதங்கள் பதினொன்று. மேலே அந்தச் சின்னப் புகைப்படம். அடையாள அட்டைக்கு எடுத்தது போல இருந்தது. தலைப்பாகை இல்லாமல் சாதாரண ஆளாகத் தெரிந்தார். முன்பல் கொஞ்சம் நீட்டம்.

கடைசிக் கடிதம் மார்ச் பதினைந்து தேதியிட்டிருந்தது. நின்றுகொண்டே படித்தேன்.

"தங்கச்சி, படத்தில் எனக்கு வயிறு வைக்காதே. தலைப்பாவை நேராக வை. சின்னனில் நீ சுவரெல்லாம் கீறின ஆக்கள் ஒருத்தரும் நேராக நிண்டதில்லை. நான் கோபத்தில் எழுதினதை இன்னும் மனதில் வைச்சிருக்கிறாரோ? மோதிரத்தைக் கீறி முடிச்சவுடன் அவரிட்டைக் காட்டு. அண்ணை தங்கம் கேக்கேல்லை, உங்கட கையைத்தான் கேட்டவர் எண்டு சொல்லு. சிரிச்சாரெண்டால் எழுது. சிரிக்காட்டிலும் எழுது."

மடித்த இடத்திலேயே மறுபடி மடித்தேன்.

"அவ போனது இவருக்குத் தெரியுமா?"

"அண்டைக்கே தந்தி அடிச்சனாங்கள். பதில் இல்லை" என்றார் வரதராஜா. "உம்மட கையால ஒரு கடிதம் போனால் நல்லது."

போடுகிறேன் என்றேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மச்சான் என்று எழுதும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அக்கா தேநீரை என் பக்கம் தள்ளினார். ஆறியிருந்தது. குடித்தேன். படத்தை அவர் மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு ஆசையாக் கீறியிருக்கிறா. அண்டைக்குக் காலமையும் இதை நினைச்சுக்கொண்டுதான் வெளிக்கிட்டிருப்பா. போட்டு வாறன் எண்டுதானே கடைசியாச் சொன்னவ? செத்த வீட்டில சொன்னனீங்கள்."

"ஆமா" என்றேன்.

அது பொய். சாவு வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அவர்கள் ஆட்கள் புறப்படும்போது சொல்வது அதுதான் என்பதால் அதைச் சொல்லிவைத்தேன். உண்மையில் அன்று காலை நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் குனிந்து காலணி வாரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அங்கே அப்படி யார் இருக்கிறார்கள், வாரா வாரம் இந்த ஓட்டம் ஓடுகிறாய் என்று கேட்டேன். அவள் நிமிர்ந்தது கேட்டது. கோபப்பட்டாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது. நான் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டுச் சொன்னாள்:

"ஆர் இருக்கினமெண்டு நீங்களே ஒருக்கா வந்து பாருங்கோவன்."